தோர்வால்ட் கொலைகாரன் இல்லையென்றால்? வெள்ளவத்தை யன்னலிலிருந்து ஒரு பழைய கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் ஒரு துப்பறியும் கதையின் முடிவைச் சொல்லப் போகிறேன். கதை வந்து எண்பது வருசத்துக்கு மேலாகிறது, அதனால் கோவிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கம்பஸில் ஓர் ஒப்படை. ஒரு சிறுகதையையும் அதிலிருந்து எடுக்கப்பட்ட படத்தையும் ஒப்பிட்டு எழுத வேண்டும். எங்கட குழுவுக்கு வந்தது ஹிட்ச்கொக்கின் 'ரியர் விண்டோ' (1954). படத்தை எல்லாரும் பார்த்திருந்தோம். அதன் மூலக்கதையான கோர்னல் வூல்ரிச்சின் 'இட் ஹேட் டு பி மர்டர்' (1942) ஐ ஒருவரும் வாசித்திருக்கவில்லை. வாசித்த பிறகு எல்லாருக்கும் பிடித்துப்போனது. எனக்கும்தான். ஒரே இருப்பில் இருந்து வாசித்து முடித்தேன். முடித்த பிறகுதான் வயிற்றுக்குள் என்னவோ செய்தது. 2019 மே மாதம் ஞாபகத்துக்கு வந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் கதை.

நியூயோர்க்கில் வெக்கையான நாட்கள். ஜெஃப்ரீஸ் என்ற ஒருவன் பகல் இரவாக வீட்டுப் பின்பக்க யன்னலோடேயே இருக்கிறான். ஏன் எழும்பி வெளியே போகவில்லை என்று கதை சொல்வதில்லை. முன்னால் இருக்கும் கட்டடத்தின் யன்னல்கள்தான் அவனுக்குப் பொழுதுபோக்கு. ஒவ்வொரு நாளும் இரவு கூத்தடிக்க வெளியே ஓடும் ஓர் இளஞ்சோடி, பிள்ளையைப் படுக்கவைத்துவிட்டு வெளியே போகும் ஓர் இளம் தாய், நான்காம் மாடியில் தோர்வால்டும் நோயாளியான அவன் மனைவியும். ஓர் இரவு தோர்வால்டின் வீட்டில் வெளிச்சம் அணையவில்லை. அடுத்த நாள் படுக்கையறைத் திரை இறங்கியே இருக்கிறது. மனைவியைக் காணவில்லை. அவன் இருட்டில் இருந்து சிகரெட் பிடிக்கிறான். யன்னலடிக்கு வந்து சுற்றியுள்ள மற்ற யன்னல்களை எல்லாம் ஒரு நோட்டம் விடுகிறான். பிறகு ஒரு பெரிய பெட்டி வெளியே போகிறது.

ஜெஃப்ரீஸுக்கு பொய்ன் என்று ஒரு பொலிஸ் சிநேகிதன் இருக்கிறான். போன் அடித்து, கொலை என்று சொல்கிறான். பொய்ன் தேடிப்பார்க்கிறான். பெட்டி ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, அங்கே திருமதி தோர்வால்டே அதைப் பொறுப்பேற்றிருக்கிறா. கேஸ் முடிந்தது. ஆனால் ஜெஃப்ரீஸ் விடவில்லை. வீட்டில் வேலை செய்யும் சாமை அனுப்பி, தோர்வால்டின் கதவுக்குக் கீழால் ஒரு துண்டுக் கடிதத்தைப் போடுவிக்கிறான். பிறகு ஆளைப் போனில் வெளியே அழைத்துவிட்டு, அந்த நேரம் பார்த்துச் சாமை அந்த வீட்டுக்குள் அனுப்புகிறான். கடைசியில் அவனுக்கு விளங்குகிறது: தோர்வால்டின் வீட்டுக்கு மேல்மாடியில் திருத்த வேலை நடந்துகொண்டிருந்தது, அந்தக் குசினிக்குப் புதிதாகப் போட்ட சீமெந்துத் தரைக்குள்தான் மனைவி இருக்கிறா. ஊரில் பெட்டியை வாங்கியது வேறொரு பெண். தோர்வால்ட் ஜெஃப்ரீஸைக் கொல்ல வருகிறான், முடியவில்லை, தானே விழுந்து சாகிறான். கடைசி வரிகளில் டொக்டர் வந்து காலில் இருக்கும் பிளாஸ்டரைக் கழற்றலாம் என்கிறார். அப்போதுதான் அந்த மனுசன் ஏன் யன்னலை விட்டு அசையவில்லை என்று எங்களுக்குத் தெரிகிறது.

நாங்கள் யார் பக்கம்?

இந்தக் கதையின் கெட்டித்தனம் எங்களையும் அதே கதிரையில் கட்டிப்போடுவதுதான். ஜெஃப்ரீஸ் கண்டதற்கு மேல் எங்களுக்கும் ஒன்றும் தெரியாது. அவன் பார்க்காத நேரம் நாங்களும் பார்க்கவில்லை. அதனால் அவனுடைய சந்தேகம் மெல்ல மெல்ல எங்கட சந்தேகமாகிறது.

எவ்வளவு தூரம் ஆகிறது என்று பாருங்கள். கதையின் நடுவில் பொய்ன் வந்து, அந்தப் பெண் உயிரோடு ஊரில் இருக்கிறா என்கிறான். அந்த இடத்தில் எனக்கு வந்தது நிம்மதி இல்லை, 'சே' என்ற ஏமாற்றம். ஒரு பெண் சாகவில்லை என்ற செய்தி எனக்கு ஏமாற்றமாக இருந்தது! குழுவில் மற்ற நாலு பேரிடமும் கேட்டேன். அவர்களுக்கும் அப்படித்தான்.

இன்னொன்று. ஜெஃப்ரீஸ் கண்டவற்றைத் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். விடியும்வரை எரிந்த லைட், இறக்கி விட்ட திரை, நித்திரை வராமல் சிகரெட் பிடிக்கும் ஒரு மனுசன், ஊருக்குப் போன ஒரு பெட்டி. வீட்டில் ஒருவர் வருத்தமாகக் கிடந்தால் இதில் எது நடக்காது? இவற்றைக் கோர்த்துக் கொலையாக்குவது ஜெஃப்ரீஸின் மனம். தலைப்பே அதைத்தான் சொல்கிறது: கொலையாகத்தான் இருக்க வேணும். அவன் ஊகித்தது சரியாக அமைந்தது வூல்ரிச் அப்படி எழுதியதால். கதாசிரியர் நினைத்திருந்தால் அந்த மனைவி உண்மையாகவே அம்மா வீட்டில் இருந்திருக்கலாம்.

சரி, பிழைத்திருந்தால் ஜெஃப்ரீஸுக்கு என்ன நட்டம்? பொய்ன் கொஞ்ச நாள் முகம் கொடுத்துக் கதைக்க மாட்டான். அவ்வளவுதான். தோர்வால்டுக்கு? வீட்டுக்குப் பொலிஸ் வந்தாயிற்று, பெட்டி திறந்து பார்க்கப்பட்டாயிற்று, கதவுக்குக் கீழால் மிரட்டல் கடிதம் வந்தாயிற்று. அவன் கொலைகாரன் என்பதால் இதையெல்லாம் நாங்கள் ஒரு பொருட்டாக எடுப்பதில்லை.

சாமைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடிதம் கொண்டுபோவது, அடுத்தவன் வீட்டுக்குள் புகுவது என்று ஆபத்தான வேலை எல்லாம் அவன் தலையில். அவன் ஒரு கறுப்பின வேலைக்காரன். 1942 அமெரிக்காவில் ஒரு வெள்ளையரின் வீட்டுக்குள் அவன் பிடிபட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கதை யோசிப்பதே இல்லை. படத்தில் சாம் என்ற பாத்திரமே இல்லை. அவன் வேலையை அழகான காதலி செய்கிறா, நாங்கள் கைதட்டுகிறோம்.

மே 2019

இப்போது என் கதை.

2019இல் எனக்குப் பதினாறு வயது, ஓ.எல். வருசம். நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியில். இந்தப் பக்கம் தெரிந்தவர்களுக்கு எங்கட யன்னல்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. எதிர் ஃப்ளட் குசினியில் என்ன தாளிக்கிறார்கள் என்று எங்கட குசினியிலிருந்தே சொல்லலாம்.

ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் எங்களுக்கு டீவியில் பார்க்கும் இடம் இல்லை. கொட்டாஞ்சேனையில் எங்களுக்குச் சொந்தங்கள் இருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமையில் அம்மாவோடு நானும் அங்கே போய் மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறேன், சைவக்காரர் என்றாலும். அன்றைக்கு நாடு முழுக்க 250 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்குப் பிறகு வந்த கிழமைகளில் ஒருவருக்கும் ஒழுங்கான நித்திரை இல்லை. அவசரகாலச் சட்டம், வீதிக்கு வீதி சோதனை, பள்ளிக்கூட வாசலில் பேக் செக்கிங்.

எங்களுக்கு எதிர் ஃப்ளட்டில், மூன்றாம் மாடியில், ஒரு முஸ்லிம் குடும்பம். அவர்களோடு பெரிய பழக்கம் இல்லை, பகையும் இல்லை. முதல் வருசம் பெருநாளுக்கு அந்த வீட்டு உம்மா வட்டிலப்பம் கொடுத்தனுப்பினா.

நித்திரை வராத ஓர் இரவு யன்னலடியில் நின்றேன். இரவு பத்து மணிக்குப் பிறகு அந்த வீட்டுக்காரர் ஓட்டோவிலிருந்து பெட்டிகள் இறக்கினார். அடுத்த நாளும் இறக்கினார். விடியக்காலை மூன்றரைக்கு எழும்பிப் பார்த்தால் அவர்கள் குசினியில் லைட். அடுத்த நாளும் மூன்றரைக்கு லைட். ஆட்கள் நடமாடுகிறார்கள், கதைப்பது மெதுவாகக் கேட்கிறது, கொஞ்ச நேரத்தில் லைட் அணைகிறது. போனில் ஒரு படம் எடுத்து அம்மாவுக்குக் காட்டினேன். அம்மா தன் சகோதரிக்கு அனுப்பினா. அது எப்படியோ எங்கட ஃப்ளட் வட்ஸ்அப் குரூப்புக்கு வந்துசேர்ந்தது. 'கவனமா இருங்கோ' என்று கீழே ஒரு வரி.

மூன்றாம் நாள் சோதனைக்கு ஆட்கள் வந்தார்கள். என் படத்தால் வந்தார்களா, எல்லா இடமும் போனது போல வந்தார்களா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பெட்டிகளைக் கீழே கொண்டுவந்து, கேற்றடியில் வைத்து, ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். உள்ளே துணி. புறக்கோட்டையில் அவருக்குச் சின்னக் கடை. யாவாரம் படுத்துவிட்டது, கடைக்குக் கல் விழுமோ என்ற பயம் வேறு, அதனால் பெருநாளுக்கு எடுத்த சரக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். எல்லா யன்னலிலும் நாங்கள் நின்று பார்த்தோம். அந்த உம்மா துணிகளைத் திரும்ப மடித்து மடித்துப் பெட்டிக்குள் வைத்தா. மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை.

விடியக்காலை மூன்றரை மணி வெளிச்சம்? அது நோன்பு மாதம். சஹர் சாப்பாட்டுக்கு எழும்பியிருக்கிறார்கள். எனக்கு அது தெரியாததா? வகுப்பில் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவளே நோன்புக்காரி. தெரிந்த ஒன்றை அந்தக் கிழமை எனக்கு ஞாபகப்படுத்த மூளைக்கு மனம் வரவில்லை.

மாத முடிவில் அவர்கள் வீடு மாறிப் போனார்கள். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை.

கதவுக்குப் பின்னால் தொங்கிய கவர்

எனக்குக் கூடுதலாக வெட்கம் தருவது வேறொன்று. எங்கட வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் பல வருசமாக ஒரு பிளாஸ்டிக் கவர் தொங்கியது. அதற்குள் பொலிஸ் பதிவுப் படிவம். வீட்டில் யார் யார், ஐ.சி. நம்பர் என்ன, சொந்த ஊர் எது, கொழும்புக்கு ஏன் வந்தது. எந்த நேரம் கதவைத் தட்டினாலும் எடுத்துக் கொடுக்க வசதியாக அங்கே தொங்கியது. ஊரிலிருந்து மாமா இரண்டு நாள் வந்து நின்றாலும் போய்ப் பதிய வேணும்.

என் வயதுக்காரருக்கு இது மங்கலாகத்தான் ஞாபகம் இருக்கும், அதனால் திகதியோடு சொல்கிறேன். 2007 ஜூன் 7 விடியக்காலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை எழுப்பி பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள், 376 பேர். கொழும்பில் நிற்க 'தகுந்த காரணம்' இல்லையாம். பாஸ்போர்ட் எடுக்க வந்தவர்கள், வைத்தியத்துக்கு வந்தவர்கள், வெளிநாடு போகக் காத்திருந்தவர்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொல்லி இடைக்காலத் தடை போட்டது, பிரதமர் வருத்தம் தெரிவித்தார். 2008 செப்டெம்பர் 21, வடக்கிலிருந்து கடந்த ஐந்து வருசத்துக்குள் கொழும்புக்கு வந்தவர்கள் எல்லாரும் பதிய வேணும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வரிசை.

அந்த வருசங்களில் இந்த நகரத்துக்குத் தோர்வால்ட் நாங்கள்தான். எங்கட லைட் எத்தனை மணிக்கு அணைகிறது, யார் வந்து போகிறார்கள், பேக்குக்குள் என்ன என்று வேறு யன்னல்களில் நின்று பார்த்தார்கள். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த நான், பத்து வருசம் கழித்து, போனைத் தூக்கி அடுத்த வீட்டைப் படம் எடுத்தேன். பார்க்கப்பட்டவர்களுக்குப் பார்வை எப்படி வலிக்கும் என்று தெரிந்திருக்கும் என நாங்கள் நினைக்கிறோம். என் அனுபவத்தில், அது தானாக வருகிற பாடம் இல்லை.

'கண்டும் காணாமல் இருக்கச் சொல்கிறீர்களா?'

இதை ஒரு தோழியிடம் சொன்னபோது அவள் கேட்டாள்: "அப்ப ஒருத்தரையும் சந்தேகப்படக் கூடாதா? உண்மையா குண்டு இருந்திருந்தா?" நியாயமான கேள்வி. யுத்த காலத்தில் கொழும்பில் குண்டு வெடித்தது உண்மை. 2019இல் வெடித்ததும் உண்மை. பயந்தவர்களைப் பார்த்து நான் சிரிக்கவில்லை, நானும் பயந்தவள்தான்.

ஆனால் 2019இல் எது பிழைத்தது என்று பார்ப்போம். அயலவர்கள் யன்னலால் எட்டிப் பார்க்காததா? சஹ்ரானைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்களே முன்கூட்டி முறையிட்டிருந்தார்கள். தாக்குதலுக்கு இரண்டு கிழமைக்கு மேல் முன்னதாகவே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு உரியவர்கள் உரியதைச் செய்யவில்லை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன உட்படப் பொறுப்பிலிருந்தவர்களைப் பொறுப்பாக்கி நட்டஈடு கட்டச் சொன்னது. சிறிசேனவுக்கு மட்டும் 100 மில்லியன் ரூபா. பக்கத்தில் இருந்து பழகியவர்கள் பெயரோடு சொன்ன தகவல் கிடப்பில் கிடந்தது. தூரத்தில் நின்று நாங்கள் ஊகித்ததற்கு ஆட்கள் வீடு வீடாகப் போனார்கள்.

சந்தேகத்தோடு வாசித்தால் கவிதைகூடக் குண்டாகத் தெரியும். மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜசீமை 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். அவருடைய 'நவரசம்' தொகுப்பு தீவிரவாதத்தைப் பரப்புகிறதாம். ஒன்றரை வருசத்துக்கு மேல் உள்ளே இருந்து பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. இலக்கியம் படிக்கிற எங்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா? முடிவை முதலே எடுத்துவிட்டு வாசித்தால் எந்த வரியும் சாட்சியாகும்.

நான் எழுதினால்

ஒப்படையின் கடைசிப் பகுதி, கதையை வேறு இடத்தில் வைத்துத் திருப்பி யோசிக்கச் சொன்னது. நான் யோசித்தது இது.

இடம் கொட்டாஞ்சேனை, 2008. ஏ.எல். படிக்கும் ஒரு பிள்ளை பஸ்ஸிலிருந்து விழுந்து காலில் பிளாஸ்டரோடு மேல்வீட்டு யன்னலடியில் இருக்கிறாள். காலை நான் ஒளிக்க மாட்டேன், முதல் வரியிலேயே சொல்லிவிடுவேன். முன்னால் ஒரு லொட்ஜ். மூன்றாம் மாடி அறையில் முப்பது வயதளவில் ஒரு பெண் தனியாக வந்து தங்குகிறா. காலையில் ஒரு ஃபைலோடு போகிறா, பின்னேரம் வருகிறா. இரவில் லைட்டை அணைத்துவிட்டு ஒரு பால்மா டின்னுக்குள் எதையோ எரிக்கிறா.

ஜெஃப்ரீஸ் பொழுதுபோகாமல் பார்த்தான். இந்தப் பிள்ளை பயத்தில் பார்க்கிறாள். முன் லொட்ஜில் ஏதாவது நடந்தால், 'முன்னுக்கு இருந்தும் காணேல்லையோ?' என்ற கேள்வி தன் அப்பாவிடம்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் அந்தப் பெண்ணின் கதி. சொல்லாவிட்டால் தன் வீட்டின் கதி. வூல்ரிச்சின் கதையில் இல்லாத திகில் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சாமின் இடத்தில், ஹட்டன் பக்கமிருந்து வந்து லொட்ஜில் வேலை செய்யும் ஒரு தம்பி. அறைக்குள் போய்ப் பார்த்துவரச் சொல்லி இவள் கேட்கிறாள். என் கதையில் அவன் மறுக்கிறான். "அக்கா, புடிபட்டா என்னையத்தான் அடிப்பாங்க. அந்த அக்கா பாஸ்போட்டுக்கு வந்தவங்க. எரிக்கிறது போட்டோ. தம்பியோட எடுத்ததாம், செக்கிங்ல பாத்தா கேள்வி வருமுன்னு. நீங்க கேட்டிருந்தா அவங்களே சொல்லியிருப்பாங்க."

அந்தக் காலத்தில் எத்தனை வீடுகளில் படங்களை எரித்தார்கள் என்று உங்கட அம்மாமாரைக் கேளுங்கள். சந்தேகப்படுவார்களே என்ற பயத்தில் செய்த வேலைதான் பார்க்கிறவர்களுக்குப் பெரிய சந்தேகமாகத் தெரியும். பயந்த மனுசர் செய்வது எல்லாம் களவு செய்வது போலத்தான் இருக்கும்.

முடிவு? ஒரு நாள் விடிய அறை வெறுமையாக இருக்கிறது. பாஸ்போர்ட் கிடைத்துப் போனாவா, வேறு யாரும் கொண்டுபோனார்களா, தெரியாது. முதல்நாள் இரவு அப்பா வெளியே போய்ப் பிந்தி வந்தார். எங்கே போனார் என்று பிள்ளை கேட்கவில்லை. பிளாஸ்டரைக் கழற்றுகிறார்கள். வூல்ரிச்சின் கதையில் உடல் எங்கே என்று கடைசியில் தெரிந்துவிடும். எங்கட கதைகளில் பல இன்னும் அப்படித் தெரியவராமல்தான் இருக்கின்றன.

குழுவில் ஒருவன் சொன்னான், "முடிவில்லாத கதைக்கு மார்க்ஸ் குறைப்பினம்." குறைக்கட்டும்.

வூல்ரிச்சின் கதையை வாசிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் வாசியுங்கள், நல்ல கதை. ஆனால் அந்தப் பெண் உயிரோடு இருக்கிறா என்று பொய்ன் சொல்லும் இடத்தில் கொஞ்சம் நின்று, உங்களுக்கு என்ன வந்தது என்று பாருங்கள். நிம்மதியா, ஏமாற்றமா?

எங்கட ஃப்ளட் குரூப்பில் இப்போதும் படங்கள் வருகின்றன. போன கிழமை கேற்றடியில் நின்ற ஒரு மேசன் பொடியனின் படம், 'இவர் ஆர்?' என்று. முந்தி என்றால் பார்த்துவிட்டு விட்டிருப்பேன். இந்த முறை, "கீழ போய்க் கேட்டீங்களா அன்ரி?" என்று எழுதினேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, இரண்டாம் மாடிக்கு டைல்ஸ் பதிக்க வந்தவர் என்று வந்தது. படத்தையும் அழித்தார்கள்.

மூன்றாம் மாடியில் இப்போது வேறு ஆட்கள். அந்த உம்மாவிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கே போனார்கள் என்று தேடிப் பார்க்கவும் இல்லை. இதை எழுதுவது அதற்கு ஈடாகாது என்று எனக்குத் தெரியும்.